எம்.எஸ்.டபிள்யூ. முடித்துக் களத்துக்கு வந்த பிறகு ஆய்வுக் கட்டுரைகளை எங்கே, எப்படிப் படிப்பது?

பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும் என்பதால் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் பட்டம் முடித்துவிட்டீர்கள். முக்கூடல், கடையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களோடும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடும் வேலை பார்க்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் இருக்கிறீர்கள். படிக்கும்போது கல்லூரி கொடுத்த லாகின் இப்போது வேலை செய்யவில்லை. எந்தக் கட்டுரையைத் தொட்டாலும் டாலரில் காசு கேட்கிறது. “இதற்காகவே பிஎச்.டி.யில் சேர வேண்டுமா, வேறு வழி உண்டா?” என்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பூட்டிய கட்டுரையைத் திறப்பது எப்படி என்பது ஒன்று. உங்கள் வேலைக்கு உண்மையில் எதைப் படிக்க வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதற்கு வழி இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் களத்தில் நிற்கிறவருக்குத் தேவையானதில் பெரும்பகுதி பூட்டுக்கு வெளியேதான் கிடக்கிறது. அதனால் இரண்டாவதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுக்கிறேன்.

லாகின் ஏன் போனது என்பதைப் புரிந்துகொண்டால் எங்கே கேட்க வேண்டும் என்பதும் புரியும். இதழ்ச் சந்தா நிறுவனத்தின் பெயரில் வருவது. அந்த வருடம் அங்கே படிக்கிறவர், வேலை பார்க்கிறவர் மட்டுமே உரிமத்துக்குள் வருவார்கள். பட்டம் வாங்கியதும் பெயரை எடுத்துவிடுவார்கள். மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டமும் இதே கதைதான். 2024 நவம்பரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது, 2025 ஜனவரியில் தொடங்கியது. 3 ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கீடு, 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். ஆனால் அது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் உரியது. தனி ஆளாகவோ அறக்கட்டளையாகவோ நீங்கள் பதிவு செய்ய முடியாது. முடியும் என்று சொல்லிப் பணம் கேட்கிறவர் யாராவது வந்தால் நம்ப வேண்டாம்.

உங்களுக்குப் பக்கத்திலேயே இந்தத் திட்டத்துக்குள் வரும் வகையைச் சேர்ந்த நிறுவனம் உண்டு. அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் மாநில அரசுப் பல்கலைக்கழகம். வெளியாள் உள்ளே வந்து நூலகக் கணினியில் உட்கார்ந்து படிக்கலாம் என்று பல பதிப்பகங்களின் ஒப்பந்தங்களில் ஒரு விதி இருக்கும். அதை நடைமுறையில் அனுமதிப்பதா, யாருக்கு, எந்த நேரத்தில் என்பதெல்லாம் நூலகத்துக்கு நூலகம் மாறும். எனவே நூலகரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். வெளி உறுப்பினர் அல்லது ஒருநாள் அனுமதி உண்டா? மின்னிதழ் பார்க்கக் கணினி தருவார்களா? பதிவிறக்கியதை பென்டிரைவிலோ மின்னஞ்சலிலோ எடுத்துப் போக விடுவார்களா? வெறுங்கையோடு போகாதீர்கள். நிறுவனத்தின் லெட்டர்பேடில் “இன்னார் எங்கள் களப்பணியாளர், இந்தப் பொருள் குறித்துப் படிக்க அனுமதி வேண்டுகிறோம்” என்று செயலர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட கடிதம், ஆதார் நகல், பட்டச் சான்று நகல் மூன்றும் பையில் இருக்கட்டும். கடிதம் இல்லாமல் போனால் ‘ஏ.ஆரைப் பாருங்க, ரெஜிஸ்ட்ராரைப் பாருங்க’ என்று அரை நாள் அங்கேயே போய்விடும்.

அதைவிட முக்கியம், போவதற்கு முன் வீட்டிலேயே பட்டியல் தயார் செய்வது. நூலகக் கணினியில் உட்கார்ந்து தேடத் தொடங்கினால் நேரம் வீண். இலவசமாகக் கிடைக்காத கட்டுரைகளின் தலைப்பு, இதழ், ஆண்டு, டி.ஓ.ஐ. எண் இவற்றை ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டி.ஓ.ஐ. என்பது பெரும்பாலான ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு உள்ள நிரந்தர எண். 10 என்று தொடங்கி, ஒரு புள்ளி, சில இலக்கங்கள், சாய்கோடு என்று போகும். doi.org தளத்தில் அதை அப்படியே தட்டினால் நேராகக் கட்டுரைப் பக்கத்தில் போய் நிற்கும். பட்டியலோடு போனால் ஒரு காலைப் பொழுதில் இருபது கட்டுரை எடுத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: ஒரே இதழின் முழு இதழையும் வரிசையாக இறக்கினால் பதிப்பகம் அந்த வளாகத்தின் இணைப்பையே தற்காலிகமாக நிறுத்திவிடும். அடுத்த முறை உங்களை யாரும் உள்ளே விடமாட்டார்கள்.

நீங்கள் படித்த கல்லூரியையும் விட்டுவிடாதீர்கள். முன்னாள் மாணவர் என்ற முறையில் அச்சு நூல்களையும் பழைய இதழ்த் தொகுப்புகளையும் பார்க்கப் பெரும்பாலும் தடை இருக்காது. மின்னிதழ் நிலவரம் கல்லூரிக்குக் கல்லூரி வேறு, கல்லூரிகளுக்கு மின்னிதழ் தரும் ‘என்-லிஸ்ட்’ திட்டத்தில் இருக்கிறார்களா என்று கேளுங்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் ஆய்விதழ்களை எதிர்பார்க்க வேண்டாம், பொது நூல்களுக்கும் நாளிதழ்களுக்கும் போகலாம். அடிப்படைப் பாடநூல்களைப் புரட்டிப் பார்க்க மதுரைக்குப் போகிற வேலை வரும்போது கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். 2023 ஜூலையில் திறந்தது. உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது.

இனி வீட்டில் உட்கார்ந்து செய்வது. எம்.எஸ்.டபிள்யூ.வில் இதை யாரும் ஒழுங்காகச் சொல்லிக் கொடுப்பதில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். கூகுள் ஸ்காலரில் தலைப்பை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். முடிவின் வலது பக்கம் பி.டி.எஃப். என்று இணைப்பு இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் முடிவுக்குக் கீழே ‘எல்லாப் பதிப்புகளும்’ என்ற வரியை அழுத்துங்கள். பதிப்பகத்தின் பூட்டிய பக்கத்தைத்தான் முதலில் காட்டும். ஆசிரியர் தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் போட்டுவைத்த பிரதி மூன்றாவதாகவோ நான்காவதாகவோ ஒளிந்திருக்கும். அடுத்து, அன்பேவால் என்ற இலவச நீட்சியை உங்கள் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸில் சேர்த்துவிடுங்கள். பூட்டிய கட்டுரைப் பக்கத்தைத் திறந்ததும், சட்டப்படியான இலவசப் பிரதி வேறெங்காவது இருந்தால் ஓரத்தில் பச்சை நிறப் பூட்டு தெரியும், அழுத்தினால் கட்டுரை வரும். சாம்பல் நிறம் என்றால் இல்லை என்று பொருள். அதன் பிறகு கோர் என்ற தேடுதளம், திறந்த இதழ்களின் அடைவான டி.ஓ.ஏ.ஜே., உடல்நலம் சார்ந்தது என்றால் பப்மெட் சென்ட்ரல். இந்த வரிசையில் போனால் ஒரு கட்டுரைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஐந்து நிமிடத்தில் கிடைக்காததைப் பல்கலைக்கழகப் பட்டியலில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

தேடும் சொல்லில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் பொருளையே எடுத்துக்கொள்வோம். பீடி என்பதை ஆங்கிலத்தில் இரண்டு ‘ஈ’ போட்டுத் தேடினால் இந்தியத் தொழிலாளர் ஆய்வுகளும் அரசு அறிக்கைகளும் வரும். மருத்துவ இதழ்களில் பெரும்பாலும் இரண்டு இடத்திலும் ‘ஐ’ போட்டு எழுதுவார்கள். வங்காளப் பக்கத்து ஆய்வுகளில் ‘பிரி’ என்று ஆர் எழுத்தோடு இருக்கும். மூன்றையும் இடையில் ‘ஆர்’ (OR) என்ற இணைப்புச் சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டு ஒரே வரியில் தேட வேண்டும். அதன் பிறகு ‘சுற்றுபவர்’, ‘தொழிலாளர்’, ‘வீடுசார் தொழில்’ என்ற மூன்றுக்கும் உரிய ஆங்கிலச் சொற்களை இன்னொரு அடைப்புக்குள் சேர்க்க வேண்டும். ‘பீடி’ என்று மட்டும் தேடினால் புகைப்பவர்களின் நுரையீரல் ஆய்வு நூறு வந்து நிற்கும். தட்டை மடியில் வைத்து நாள் முழுக்கக் குனிந்து உட்காரும் பெண்ணின் முதுகுவலியும், வீட்டுக்குள் பறக்கும் தூளும் ‘வீடுசார் தொழில்’, ‘தொழில்சார் நலம்’ என்ற சொற்களின் கீழேதான் கிடைக்கும். ஊர்ப் பெயரிலும் இதே தொல்லை. திருநெல்வேலி ஆங்கிலத்தில் ‘எச்’ இல்லாமலும் ‘எச்’ போட்டும் எழுதப்படுகிறது. பழைய ஆவணங்களில் ‘டின்னவெல்லி’. மூன்றும் வேண்டும். தமிழ்நாடு ஒரே சொல்லா இரண்டு சொல்லா என்பதும் அப்படியே. நல்ல கட்டுரை ஒன்று கையில் சிக்கிவிட்டால், அதன் கீழே ‘இதை மேற்கோள் காட்டியவை’ என்ற வரியை அழுத்தி முன்னோக்கியும், கட்டுரையின் கடைசியில் உள்ள பட்டியலைப் பார்த்துப் பின்னோக்கியும் போங்கள். ஒரு நல்ல கட்டுரையிலிருந்து பத்து கிடைக்கும்.

சமூகவியல், பொருளாதாரம் பக்கம் தேவைப்பட்டால் ஜேஸ்டோரில் சொந்தக் கணக்கு தொடங்குங்கள், காசு கேட்காது. 30 நாளில் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம், இறக்கிக்கொள்ள முடியாது. 1966 முதல் வரும் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியின் பழைய இதழ்கள் அங்கே உண்டு. அண்மை ஆண்டுகளுடையது மட்டும் இருக்காது. இந்தியாவிலிருந்து வரும் மனநல, சமூக மருத்துவ இதழ்கள் பல முழுவதும் திறந்தே இருக்கின்றன. இந்தியன் ஜர்னல் ஆஃப் சைக்கியாட்ரி, இந்தியன் ஜர்னல் ஆஃப் கம்யூனிட்டி மெடிசின் இரண்டையும் லாகின் இல்லாமலே படிக்கலாம். வெளிநாட்டு இதழின் பூட்டைப் பார்த்து மலைப்பதற்கு முன் இவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. உங்கள் ஊருக்குப் பொருந்துகிற ஆய்வு இங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம்.

எதுவும் நடக்கவில்லையா, ஆசிரியருக்கே எழுதுங்கள். தன் கட்டுரையின் பிரதியைக் கேட்கிற ஒருவருக்குத் தனிப்பட்ட முறையில் அனுப்ப ஆசிரியரைப் பெரும்பாலான பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. சுருக்கம் மட்டும் தெரிகிற பக்கத்திலேயே தொடர்பு ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். நான்கு வரி போதும்: நீங்கள் யார், எந்த மக்களோடு வேலை, எந்தக் கட்டுரை வேண்டும், எதற்கு. ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பொன்னான நேரத்தில்’ என்று ஒரு பக்கம் எழுதினால் படிக்க மாட்டார்கள். ஆய்வில் பயன்படுத்திய வினாப்படிவத்தையும் சேர்த்துக் கேளுங்கள். கட்டுரையில் அச்சாகாத அதுதான் பல நேரம் உங்களுக்கு அதிகம் பயன்படும். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம், இரண்டாவது முறை வேண்டாம்.

திருட்டுத் தளங்களைப் பற்றியும் யாராவது கேட்பீர்கள். சை-ஹப் மீது மூன்று பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன, 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்க உத்தரவானது. நியாயம் யார் பக்கம் என்பது தனி வாதம். நிறுவனக் கணினியில் அதன் போலித் தளங்களைத் திறந்து, அதே கணினியில் குழந்தைகளின் வழக்குக் கோப்புகளையும் வைத்திருப்பது ஆபத்து. அவ்வளவுதான் சொல்வேன்.

ஷோத்கங்கா தனியாகப் பேச வேண்டிய ஒன்று. இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகளை யு.ஜி.சி.யின் நூலக வலைப்பின்னல் மையமான இன்ஃப்லிப்நெட் இங்கே சேர்த்து வைக்கிறது. பதிவே தேவையில்லை, அத்தியாயம் அத்தியாயமாக இறக்கலாம். பல்கலைக்கழக வாரியாகப் போய் மனோன்மணியம் சுந்தரனாரைத் தேர்ந்தெடுத்தால் நம் வட்டாரத்து ஆய்வுகள் வரிசையாக நிற்கும். பீடித் தொழிலாளர் குறித்துத் தேடும்போது வணிகவியல், பொருளியல் துறைகளையும் பாருங்கள், சமூகப்பணித் துறையோடு நிறுத்தாதீர்கள். படிக்கும் முறை ஒன்று உண்டு. முதல் இரண்டு அத்தியாயங்கள் எல்லா ஆய்வேட்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், தாண்டிவிடுங்கள். ஆய்வுமுறை அத்தியாயத்தில் எத்தனை பேரிடம், எந்தெந்த ஊரில், எப்படித் தேர்ந்தெடுத்துக் கேட்டார்கள் என்று பாருங்கள். ‘வசதி மாதிரி’ (கைக்கு எட்டியவர்களை மட்டும் கேட்டது) என்றிருந்தால், அதில் வரும் சதவீதத்தை மாவட்டத்துக்கே பொதுவாக்கித் திட்ட அறிக்கையில் எழுதக் கூடாது. அடுத்து நேராகப் பின்னிணைப்புக்குப் போங்கள். அங்கே தமிழ் வினாப்படிவம் முழுதாக இருக்கும். நம் ஊர்ப் பெண்களிடம் கேட்டுப் பார்த்த சொற்கள் அதில் இருக்கும் என்பதே பெரிய லாபம். தரம் சீராக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில ஆய்வேடுகள் அருமையானவை, சிலவற்றில் புள்ளியியல் சோதனைகள் அலங்காரத்துக்கு நிற்கும்.

இனி எதைப் படிப்பது என்பதற்கு வருகிறேன். தனித்தனிக் கட்டுரையாகச் சேர்ப்பது மாணவர் வேலை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம்தான் கிடைக்கும் களப்பணியாளர் முதலில் தேட வேண்டியது தொகுப்பாய்வு. ஒரு தலையீடு பலன் தருகிறதா என்று நடந்த எல்லா ஆய்வுகளையும் தேடி, வடிகட்டி, சேர்த்துச் சொல்வது அது. சமூகநலப் பொருள்களுக்குக் கேம்பெல் தொகுப்பாய்வுகள் முழுக்க இலவசம். பள்ளி இடைநிற்றல், குடும்ப வன்முறை, பண உதவித் திட்டங்கள் என்று உங்கள் பொருள்களே அங்கே இருக்கின்றன. உடல், மனநலத்துக்குக் காக்ரேன். முழு அறிக்கை பூட்டியிருந்தாலும் சுருக்கமும் எளிய மொழிச் சுருக்கமும் எப்போதும் திறந்திருக்கும், சிலவற்றுக்குத் தமிழிலும் உண்டு. செய்முறை வேண்டுமென்றால் உலக சுகாதார நிறுவனத்தின் களஞ்சியம். சிறப்பு மருத்துவர் இல்லாத இடத்துக்கான எம்.எச்.கேப் மனநல வழிகாட்டியின் இரண்டாம் பதிப்பு 2016இல் வந்தது. பிரச்சினை மேலாண்மை பிளஸ் என்ற ஐந்து அமர்வுக் கையேடும் அதே ஆண்டு. பயிற்சியும் மேற்பார்வையும் கிடைத்தால் மருத்துவர் அல்லாதவரே நடத்தும்படி எழுதப்பட்டது அது. பாகிஸ்தானிலும் கென்யாவிலும் சோதித்திருக்கிறார்கள். அங்கே பலன் தந்தது முக்கூடலிலும் அதே அளவு தரும் என்பதற்கு உறுதி கிடையாது. ஆனால் ஒன்றும் இல்லாமல் கவுன்சலிங் என்ற பெயரில் அறிவுரை சொல்வதைவிட உறுதியான தொடக்கம். பாடம் மறந்துபோயிருந்தால் இக்னோவின் இ-ஞானகோஷில் எம்.எஸ்.டபிள்யூ. பாடங்கள் அலகு அலகாக இலவசமாக இருக்கின்றன.

மாவட்டப் புள்ளிவிவரம் எடுக்கும்போது உங்களுக்கென்றே ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. முக்கூடல் திருநெல்வேலி மாவட்டம், கடையம் தென்காசி மாவட்டம். தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22இல். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு நடந்தது 2019–21 என்றாலும், அது 2017 மார்ச் 31 அன்று இருந்த 707 மாவட்டங்களைத்தான் கணக்கில் எடுத்தது. ஆகவே அதில் தென்காசிக்குத் தனித் தகவல்தாள் கிடையாது. ‘திருநெல்வேலி’ என்று இருப்பது பழைய பெரிய மாவட்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் 30.77 லட்சமும் அந்தப் பெரிய மாவட்டத்துக்கு உரியதுதான். இதை இன்றைய மாவட்டத்தின் மக்கள்தொகை என்று திட்ட அறிக்கையில் எழுதினால், விவரம் தெரிந்த நிதியாளர் முதல் பக்கத்திலேயே மூடிவைத்துவிடுவார். 2011க்கு வட்டம், கிராமம் வாரியான பட்டியல்கள் கிடைப்பதால், இன்று எந்த வட்டம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக் கூட்டிக்கொள்ளலாம். குடும்பநல ஆய்வில் அப்படிப் பிரிக்க முடியாது, பழைய எல்லை என்று குறிப்பெழுதிப் பயன்படுத்துங்கள். அந்தத் தகவல்தாளில் சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு என்று அர்த்தம். எண்ணுக்குப் பதில் நட்சத்திரம் இருந்தால் 25 பேருக்கும் குறைவு, அதனால் வெளியிடவில்லை. அடைப்புக்குறியைக் கழற்றிவிட்டு எண்ணை மட்டும் எடுத்து எழுதுவது நம் அறிக்கைகளில் மிகச் சாதாரணமாக நடக்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை நூலகமே வேண்டாம், ஆனால் தேதி பார்க்க வேண்டும். சட்டத்தின் நடப்பு வடிவத்துக்கு இந்தியா கோடு தளம், தீர்ப்புகளுக்கு இந்தியன் கானூன். நம் மாவட்டங்களுக்கு உரியது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை என்பதால் தேடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலுவலக அலமாரியில் இருக்கும் பழைய கையேடுகளை அப்படியே நம்ப வேண்டாம். போக்சோ விதிகள் 2020இல் புதிதாக வந்தன, வழக்கில் குழந்தைக்குத் துணை நிற்கும் ஆதரவு நபரின் கடமைகளை அதில்தான் பார்க்க வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா இருக்கிறது, பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன. பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இல் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அது அடங்கிவிட்டது. பழைய ஆய்வுக் கட்டுரையில் “சட்டப்படி” என்று வருவதை இன்றைய சட்டம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாநிலத் திட்டங்களுக்கு, ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு அரசு இணையதளத்தில் தமிழிலேயே கிடைக்கும். சமூகநலத் துறை, தொழிலாளர் துறை இரண்டையும் வருடா வருடம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்கு என்ன கொடுத்தோம் என்று அரசே சொல்லும் கணக்கு அதில் இருக்கிறது.

வெளியிடாத கணக்கு வேண்டுமென்றால் தகவல் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியும் அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. “ஏன் இடைநிற்றல் அதிகமாக இருக்கிறது?” என்று கேட்டால் பதில் வராது, கோப்பில் இருப்பதைத்தான் தருவார்கள். “2022–23 முதல் இன்றுவரை, இன்ன ஒன்றியத்தில், வகுப்பு வாரியாக, ஆண் பெண் வாரியாகப் பள்ளி இடைநின்றவர் எண்ணிக்கை” என்று கேளுங்கள். தனிநபர் பெயர் கேட்டால், தனிநபர் தகவலுக்கான 8(1)(j) பிரிவு போல ஏதாவது ஒரு விலக்கைக் காட்டி மொத்த மனுவையும் தள்ளிவிட வழி கிடைக்கும். எண்ணிக்கை மட்டும் கேட்பது பாதுகாப்பு.

அளவுகோல்கள் குறித்து ஒரு வார்த்தை. மனச்சோர்வைக் கண்டறியும் பெக் அட்டவணைக்கு உரிமக் கட்டணம் உண்டு. பி.எச்.க்யூ-9 இலவசம், ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரை மதிப்பெண், வழக்கமான வெட்டுப்புள்ளி 10 (அதிலிருந்து மேலே போனால் மனச்சோர்வு இருக்கலாம் என்று பொருள்). அந்த 10 எங்கேயோ ஒரு மருத்துவமனையில் ஒப்பிட்டுப் பார்த்து வந்த எண். வேலை அலுப்பும் தூக்கக் குறைவும் அன்றாடமாக இருக்கும் பெண்களிடம் அது கூடுதலாகவே காட்டலாம். எனவே அதைக் கொண்டு நோய் என்று முடிவு கட்டாதீர்கள், யாரை மருத்துவரிடம் அனுப்பலாம் என்று பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு யாராவது ‘ஆம்’ என்றால் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு நிற்காமல் அன்றைக்கே பேசி, மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416ஐ அப்போது தேடக் கூடாது, படிவத்தின் தலையிலேயே எழுதி வையுங்கள்.

போலி இதழ்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘இரண்டே நாளில் பிரசுரம், உடனே சான்றிதழ்’ என்பவை அவை. தரமான இதழ்களுக்கென்று இருந்த யு.ஜி.சி. கேர் பட்டியலில் இருக்கிறது என்று இன்றும் விளம்பரம் செய்தால், அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. கைவிட்டுவிட்டது என்பதை நினைவில் வையுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கட்டுரைப் பட்டியல் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். இல்லாத கட்டுரைக்குப் பொருத்தமான ஆசிரியர் பெயரும் இதழ்ப் பெயரும் வைத்துக் கொடுப்பது அவற்றின் வழக்கம். தேடுசொல் யோசிக்கவும், கடினமான பத்தியை விளங்கிக்கொள்ளவும் பயன்படுத்துங்கள். கட்டுரைப் பெயர் தந்தால் டி.ஓ.ஐ. தட்டிப் பார்க்காமல் எங்கும் எழுதாதீர்கள். வாடிக்கையாளரின் வழக்குக் குறிப்பைப் பெயரை எடுத்துவிட்டுக்கூட அதில் ஒட்ட வேண்டாம். சின்ன ஊரில் தெருவும் வயதும் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சேர்த்ததை வைக்க ஜொட்டேரோ என்ற இலவச மென்பொருள். 300 எம்.பி. வரை இணையத்தில் இலவசமாக இடம் தருகிறது, பி.டி.எஃப். கோப்புகளைக் கணினியிலேயே வைத்துக்கொண்டால் அந்த இடம் நிறையவே தாங்கும். ஒவ்வொரு கட்டுரைக்கும் மூன்று வரி தமிழில் குறிப்பெழுதுங்கள்: யாரிடம் செய்தது, என்ன கண்டது, நம் ஊருக்கு எது பொருந்தாது. மூன்றாவது வரிதான் ஆறு மாதம் கழித்து உதவும்.

பிஎச்.டி. பற்றி: லாகினுக்காக மட்டும் என்றால் வேண்டாம். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, பாடநெறி, தேர்வு, கட்டணம் எல்லாம் உண்டு. மேலே சொன்னவற்றில் பாதியைச் செய்தாலே உங்கள் தேவை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆய்வு செய்யவே ஆசை என்றால் அது வேறு விஷயம். அப்போது விண்ணப்பிக்கும் முன் ஷோத்கங்காவில் உங்கள் மனதில் இருக்கும் நெறியாளரின் கீழ் முடிந்த ஆய்வேடுகள் நான்கைந்தை, அவற்றின் ஆய்வுமுறை அத்தியாயத்தையாவது, படித்துவிட்டுப் போய் அவரைப் பாருங்கள்.